நார், நீர், நேரம்: மலச்சிக்கல் தீர மூன்று வழிகள்

புரட்டாசி, ஐப்பசியில் கும்பப்பூ நடவு தொடங்கிவிட்டால் பூதப்பாண்டி பக்கத்துப் பழையாற்றங்கரை வயல்களில் காலையிலேயே ஆட்கள் இறங்கிவிடுவார்கள். நடவுக்கும் களை பறிப்புக்கும் போகிற பெண்கள் விடியும் முன்பே எழுந்து, சோறு வடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்து, ஒரு கட்டன்சாயாவைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அந்த அவசரத்தில் கழிப்பறைக்குப் போகிற பத்து நிமிடம் விட்டுப்போகிறது. வயலில் ஒதுங்க மறைவிடம் கிடையாது. அதனால் தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார்கள். மாலையில் வீடு திரும்பும்போது வயிறு உப்பியிருக்கும். ஆனால் வெளிக்குப் போகிற உணர்வு வராது.

மலச்சிக்கல் என்றதும் எல்லோரும் சாப்பாட்டைத்தான் குறை சொல்வார்கள். சாப்பாடு முக்கியமான காரணம்தான். ஆனால் உழைக்கிற குடும்பங்களில் அதைவிட அதிகமாகக் கவனிக்கப்படாமல் போவது நேரம். நார், நீர், நேரம் இந்த மூன்றும் சரியாக இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையே தேவைப்படாது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் ஈடுகட்ட முடிவதில்லை.

எது மலச்சிக்கல்?

தினமும் போகாவிட்டால் மலச்சிக்கல் என்று பலரும் நினைக்கிறார்கள். நாளுக்கு மூன்று முறை போவதும் இயல்புதான். இரண்டு நாளுக்கு ஒரு முறை சிரமமில்லாமல் போவதும் இயல்புதான். வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவாகப் போவது, மலம் ஆட்டுப்புழுக்கை போல இறுகியிருப்பது, முக்கி முக்கிப் போவது, போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பது போலத் தோன்றுவது ஆகியவைதான் மலச்சிக்கலின் அடையாளங்கள். இவற்றில் இரண்டோ அதற்கு மேலோ பல வாரங்கள் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும்.

'இதற்கெல்லாமா ஆஸ்பத்திரிக்குப் போவது' என்று விட்டுவிடுவதால் வரும் கேடுகள் பல. தொடர்ந்து முக்குவதால் மூலமும் ஆசனவாய் வெடிப்பும் வருகின்றன. மூலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் போனால், ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பெண்களுக்கு அது இன்னும் கூடும். முக்கும்போது ரத்த அழுத்தம் ஏறி இறங்குவதால், இதய நோய் உள்ள முதியவர்கள் கழிப்பறையிலேயே மயங்கி விழுவதும் உண்டு.

குடலுக்குள் நடப்பது என்ன?

சாப்பாடு, குடிநீர், உமிழ்நீர், செரிமான நீர் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 முதல் 9 லிட்டர் நீர் சிறுகுடலுக்குள் போகிறது. அதில் பெரும்பகுதியைச் சிறுகுடலே உறிஞ்சிவிடும். பெருங்குடலுக்கு வந்து சேர்வது ஒன்று முதல் ஒன்றரை லிட்டர். பெருங்குடலும் தன் பங்குக்கு உறிஞ்சிய பிறகு மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லி மட்டுமே.

பெருங்குடல் உறிஞ்சுவதை நிறுத்துவதில்லை. மலம் எவ்வளவு நேரம் அங்கே தங்குகிறதோ, அவ்வளவு காய்ந்து இறுகும். வாய்க்காலில் நீரோட்டம் நின்றால் வண்டல் படிந்து இறுகுவது போலத்தான். இறுகிய மலம் வெளியேறும்போது வலிக்கும். வலிக்குப் பயந்து அடக்கினால் இன்னும் இறுகும். மலச்சிக்கல் நாள்பட்ட தொந்தரவாவது இப்படித்தான்.

முதலில் நேரம்

காலையில் எழுந்ததும், ஏதாவது சாப்பிட்டுக் குடித்ததும் பெருங்குடல் பலமாகச் சுருங்கி மலத்தைக் கீழே தள்ளும். அப்போதுதான் உணர்வு வரும். அந்த உணர்வு சில நிமிடங்களே நிற்கும். அப்போது போகாவிட்டால் அடங்கிவிடும். அடுத்து எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மாதக்கணக்கில் இப்படி அடக்கினால் மலக்குடல் விரிந்து, நிறைந்திருப்பதை உணரும் தன்மையே மங்கிவிடும். நிறையக் கீரையும் பழமும் சாப்பிட்டும் சிலருக்குச் சரியாகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்ய வேண்டியது எளிது. வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்கு அரை மணி நேரம் முன்பாக வெறும் சாயாவுக்குப் பதில் எதையாவது சாப்பிடுங்கள். அரை வயிற்றுக் கஞ்சியானாலும் போதும். கால் மணி நேரத்துக்குள் கழிப்பறைக்குச் சென்று உட்காருங்கள். உணர்வு வந்தாலும் வராவிட்டாலும் தினமும் அதே நேரத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம் உட்கார வேண்டும். முக்கக் கூடாது. கையில் செல்போன் வேண்டாம்; அதிக நேரம் உட்கார்ந்திருப்பதும் மூலத்துக்கு வழி வகுக்கும். சில வாரங்களில் குடல் அந்த நேரத்துக்குப் பழகிவிடும்.

குந்தி உட்காருவது மலம் எளிதாக இறங்க உதவும். மலக்குடலும் ஆசனவாயும் சேரும் இடத்தில் ஒரு தசை கொக்கி போல இழுத்துப் பிடித்திருக்கும். குந்தும்போது அது தளர்ந்து வழி நேராகிறது. மூட்டுவலியால் மேற்கத்தியக் கழிப்பறைக்கு மாறியவர்கள், கால்களுக்கு அடியில் முக்கால் அடி உயர மணைப்பலகை வைத்து, உடலை முன்னால் சாய்த்து உட்கார்ந்தால் இதே பலன் கிடைக்கும்.

வேலை கொடுப்பவர்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. வயலுக்கு அருகில் உள்ள வீட்டுக் கழிப்பறையைப் பெண்கள் பயன்படுத்த ஏற்பாடு செய்வதும், குடிக்கத் தண்ணீர் வைப்பதும், காலை இடைவேளையைக் குறுக்காமல் விடுவதும் பெரிய செலவு பிடிக்கும் வேலைகள் அல்ல. மாதவிடாய் நாள்களிலும் இதே ஏற்பாடு பெண்களுக்கு உதவும்.

இலையில் எவ்வளவு நார்?

டெனிஸ் புர்கிட் என்ற அறுவை மருத்துவர் உகாண்டாவில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் பணியாற்றியவர். அங்கே கிராமத்தவர்களுக்கு மலச்சிக்கலும் மூலமும் அரிதாக இருப்பதையும், தம் நாட்டவர்களுக்கு அவை சாதாரணமாக இருப்பதையும் கவனித்தார். அவரும் அவருடைய குழுவினரும் 1972-ல் வெளியிட்ட ஆய்வில், உகாண்டா கிராமத்தவர்கள் சாப்பிட்டது ஏறக்குறைய ஒன்றரை நாளில் வெளியேறியது. பிரிட்டனில் மூன்று நாளுக்கு மேல் ஆனது. தீட்டாத தானியம், பயறு, கிழங்கு என நார் நிறைந்த உணவே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்றார் அவர்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 2000 கலோரி உணவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிராம் நார்ச்சத்து இருக்க வேண்டும். அந்த நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவு அட்டவணையின்படி, 100 கிராம் உணவுப்பொருளில் உள்ள நார் ஏறத்தாழ இவ்வளவு:

தீட்டிய வெள்ளை அரிசி – 3 கிராம்
தவிடு நீக்காத அரிசி – 4.5 கிராம்
மைதா – 3 கிராம்
முழுக் கோதுமை மாவு – 11 கிராம்
கேழ்வரகு – 11 கிராம்
முழுச் சிறுபயறு – 17 கிராம்
முருங்கைக்கீரை – 8 கிராம்
கொய்யா – 8.5 கிராம்

இதை வைத்து ஒரு நாள் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் நாள் முழுதும் 300 கிராம் வெள்ளை அரிசியும், இரவில் 100 கிராம் மைதாவில் போட்ட புரோட்டாவும், கொஞ்சம் சாம்பாரும், பெயருக்கு ஒரு கூட்டும் சாப்பிட்டால் கிடைக்கிற நார் 15 கிராமைச் சுற்றித்தான் இருக்கும். தேவையில் பாதி. அதோடு 50 கிராம் சிறுபயறும் ஒரு கொய்யாவும் சேர்த்தால் 30 கிராமை எட்டிவிடலாம். புரோட்டாவைக் குறைத்தால் இன்னும் நல்லது.

நாஞ்சில் நாட்டுக் குடும்பங்களுக்கு இது புதிய சமையல் இல்லை. கஞ்சியும் பயறும் சேர்ந்தால் நாரும் நீரும் ஒன்றாகவே கிடைக்கின்றன. அவியல், துவரன், எரிசேரி எல்லாம் காய்க்கும் கீரைக்கும் இடம் கொடுக்கிற பதார்த்தங்கள். வாழை போட்டவர்கள் குலை ஈன்ற பிறகு ஒடிக்கிற பூவையும், குலை வெட்டிய பிறகு சாய்க்கிற மரத்தின் தண்டையும் வீட்டுக்குக் கொண்டுவரலாம். வரப்போரத்து முருங்கை, வேலியோரத்துக் கொய்யா, பந்தலில் பயற்றங்காய் எதற்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை. விளைந்ததெல்லாம் சந்தைக்குப் போய், வீட்டுக்கு பிஸ்கட்டும் மைதாவும் திரும்பி வருகிற நிலைதான் மாற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: நாரைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும், வாயு தொல்லை கொடுக்கும். இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

தண்ணீர் எவ்வளவு?

மலம் இளக்கமாக இருக்க நார் நீரைப் பிடித்து வைக்க வேண்டும். நீர் குறைவாகக் குடித்து நாரை மட்டும் கூட்டினால் மலம் இன்னும் கட்டியாகும். நாரில்லாமல் நீரை மட்டும் கூட்டினால் அது சிறுநீராகப் போய்விடும். வீட்டோடு இருப்பவர்களுக்கு நாளுக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் போதும். வெயிலில் வியர்வை சிந்துகிறவர்களுக்கு அதைவிட அதிகம் வேண்டும். சிறுநீரின் நிறம் நல்ல அளவுகோல்: வைக்கோலின் வெளிர்மஞ்சள் என்றால் சரி, அடர்மஞ்சள் என்றால் நீர் போதவில்லை. இதயம், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாத்திரையும் காரணமாகலாம்

வேறு நோய்க்காகச் சாப்பிடும் மருந்துகளே சிலருக்கு மலத்தைக் கட்டிவிடும். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, அலுமினியம் சேர்ந்த நெஞ்செரிச்சல் மருந்துகள், டிரமடால் போன்ற வலி மாத்திரைகள், சில ரத்த அழுத்த மாத்திரைகள், தூக்கம் வரவழைக்கிற சளி மாத்திரைகள், சில மனநல மருந்துகள் இந்தப் பட்டியலில் வரும். இடுப்புவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. நான்காம் மாதத்திலிருந்து 180 நாள்களுக்கு அரசு தருகிற இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையால் மலம் கட்டுகிறது, கறுப்பாகப் போகிறது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது அந்த மாத்திரையால் வரும் இயல்பான மாற்றம், பயப்பட வேண்டாம். ஆனால் மாத்திரையை நிறுத்தினால் ரத்தசோகை கூடும். ரத்தசோகையோடு பிரசவம் பார்ப்பது தாயின் உயிருக்கே ஆபத்து. மலச்சிக்கலைக் கிராமச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொன்னால் வழி செய்வார்கள். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது. இரும்பு மாத்திரையோடு சாயாவும் குடிக்கக் கூடாது. இரும்பு உடலில் சேராமல் போகும்.

தைராய்டு சுரப்பு குறைவு, சர்க்கரை நோய், நடுக்குவாதம் போன்ற நோய்களிலும் மலச்சிக்கல் வரும். உணவை மாற்றியும் தீராவிட்டால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

பேதி மருந்தில் கவனம்

மலமிளக்கிகளில் உலகம் முழுதும் பெயர்பெற்ற நிலாவாரை நம் பக்கத்துப் பயிர். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்ட மானாவாரி நிலங்களில் விளைந்து, 'திருநெல்வேலி சென்னா' என்ற பெயரிலேயே ஏற்றுமதியாகிறது. அதிலுள்ள சென்னோசைடு குடல் தசையைத் தூண்டிச் சுருங்க வைக்கும். இரவில் சாப்பிட்டால் 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும். மருத்துவர் சொன்ன அளவில் சில நாள்கள் எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

ஆனால் கடையில் விற்கிற பல 'மூலிகைப் பொடி'களில் இருப்பதும் இதுதான். மூலிகை என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைக்கக் கூடாது. அளவு மீறினால் வயிற்றைப் பிசையும். நீர்ச்சத்தும் பொட்டாசியமும் குறைந்து சோர்வு, தசைத் தளர்ச்சி வரும். பொட்டலத்தில் சென்னா, சோனாமுகி, நிலாவாரை என்று எந்தப் பெயர் இருந்தாலும் பொருள் ஒன்றுதான்.

கர்ப்பிணிகளுக்கு விளக்கெண்ணெய் கொடுக்கக் கூடாது. கருப்பை சுருங்க அது காரணமாகலாம். வயிற்றுவலியோடு வாந்தியோ காய்ச்சலோ இருந்தால் யாருக்கும் எந்தப் பேதி மருந்தும் கொடுக்கக் கூடாது. குடல்வால் வீக்கமாகவோ குடல் அடைப்பாகவோ இருந்தால் பேதி மருந்து உயிருக்கே ஆபத்தாக முடியும்.

பிள்ளைகளும் முதியவர்களும்

பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் மாலை வரை அடக்குகிற பிள்ளைகள் நிறைய. ஒரு முறை வலித்தால் அடுத்த முறை பயத்தில் அடக்குவார்கள். பின்னர் ஜட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக மலம் ஒழுகும். பெற்றோர் அதைப் பிடிவாதம் என்று அடிக்கிறார்கள், அல்லது வயிற்றுப்போக்கு என்று மருந்து கொடுக்கிறார்கள். உண்மையில் உள்ளே கட்டி நிற்கிற மலத்தைச் சுற்றி நீர்மலம் கசிகிறது. பிள்ளையைத் திட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். காலை உணவுக்குப் பிறகு, கால் ஊன்றும்படி உட்கார வைத்துப் பழக்குங்கள். பாலையும் பிஸ்கட்டையும் குறைத்து, பழமும் பயறும் கொடுங்கள்.

படுக்கையில் கிடக்கிற முதியவர்களுக்கும் இதே நிலை வரும். நாலைந்து நாள் போகாமல் இருந்து, பிறகு நீர் நீராக ஒழுகினால் அதை வயிற்றுப்போக்கு என்று எண்ணிப் போக்கை நிறுத்தும் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். இறுகிய மலத்தை வெளியே எடுக்க மருத்துவ உதவி தேவைப்படும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், 50 வயதுக்கு மேல் மலம் கழிக்கும் பழக்கம் திடீரென்று மாறுதல், மலம் பென்சில் போல மெலிந்து வருதல், ரத்தசோகை, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருத்தல். இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். ரத்தம் என்றால் மூலம்தான் என்று தாமாகவே முடிவு கட்டுவதால் குடல் புற்றுநோய் முற்றிய பிறகு தெரியவருகிறது. தொடக்கத்தில் கண்டறிந்தால் குணமாக்க முடிகிற நோய் அது.

வயிறு உப்பி, வாந்தி வந்து, மலமும் காற்றும் பிரியாமல் இருந்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பூதப்பாண்டி சுற்றுவட்டாரத்தினர் முதலில் உள்ளூர் அரசு மருத்துவமனையில் காட்டலாம். அறுவை சிகிச்சை வரை தேவைப்பட்டால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

அடிக்கடி எழும் கேள்விகள்

தினமும் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டும் மலச்சிக்கல் தீரவில்லையே?

100 கிராம் பழுத்த வாழைப்பழத்தில் ஏறத்தாழ 2 கிராம் நார்தான் இருக்கிறது. மட்டி போன்ற சிறிய பழத்தில் ஒன்றுக்கு அதைவிடக் குறைவு. பழம் நல்லதுதான், ஆனால் இரவில் ஒரு பழம் சாப்பிடுவது நாள் முழுதும் சாப்பிட்ட வெள்ளைச் சோற்றையும் மைதாவையும் ஈடுகட்டாது. நன்றாகப் பழுத்ததையே சாப்பிடுங்கள். அதோடு பயறு, கீரை, கொய்யா சேருங்கள்.

காலையில் வெறும் வயிற்றில் வெந்நீர் குடித்தால் போதுமா?

வயிற்றுக்குள் ஏதாவது போனால் குடல் அசையும். அதனால் சிலருக்குப் பலன் தெரிகிறது. வெந்நீருக்குப் பின் கழிப்பறையில் உட்கார நேரம் ஒதுக்காமல் வேலைக்கு ஓடினால் பலனில்லை.

இசப்கோல் உமியைத் தொடர்ந்து எடுக்கலாமா?

எடுக்கலாம். அது நார்தான்; குடலைத் தூண்டும் மருந்து அல்ல. பலன் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். ஒவ்வொரு முறையும் முழு டம்ளர் தண்ணீரோடு குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கிற இரண்டு மாதக் குழந்தை ஐந்து நாளாகப் போகவில்லை. வெற்றிலைக் காம்பு வைக்கலாமா?

வேண்டாம். சோப்புத் துண்டும் வேண்டாம். மென்மையான தோல் கிழிந்து புண்ணாகும். ஆறு வாரம் கடந்து தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை ஒரு வாரம் வரை போகாமல் இருப்பதுண்டு. நன்றாகப் பால் குடித்து, எடை கூடி, போகும்போது மலம் இளக்கமாக இருந்தால் கவலை இல்லை. வயிறு உப்பினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பிறந்த நாளிலிருந்தே சரியாகப் போகாத குழந்தையையும் காட்ட வேண்டும்.

எத்தனை நாள் முயன்று பார்க்கலாம்?

நார், நீர், நேரம் மூன்றையும் ஒன்றாகக் கடைப்பிடித்து மூன்று, நான்கு வாரம் பாருங்கள். மேலே சொன்ன அபாய அறிகுறிகள் இல்லாதவரை அது போதுமான அவகாசம். அதற்குப் பிறகும் முக்க வேண்டியிருந்தால், எத்தனை நாளுக்கு ஒரு முறை போகிறீர்கள், மலம் எப்படி இருக்கிறது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கூச்சப்பட்டு மறைப்பதைவிட அந்தத் தாள் சிகிச்சைக்கு அதிகம் உதவும்.